முதலில் தூக்கிய கை

டக், டக், டக்.

விடிந்ததும் விடியாததுமாக அந்தச் சத்தம்தான் டிரைவரம்மாவை எழுப்பியது. கூடத்தில் யாரோ பூட்ஸ் காலோடு உலாத்துகிறார்கள். யாரோ என்ன யாரோ, வீட்டுக்காரர்தான்.

போன வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிட்டு, ‘இவங்கல்லாம் யாரு?’ என்று கேட்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். டிரைவரம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அவள் புருஷன் பட்டாளத்தார். கடல் தாண்டி, பேர் சொன்னால் வாயில் நுழையாத ஒரு நாட்டில் காவல் வேலை. லீவில் வந்தவர் இன்று மாலை திரும்பவேண்டும். அவருடைய அப்பா ஒரு காலத்தில் கால்பந்து நடுவர். இப்போது இடுப்பு எலும்பு முறிந்து பின்னறைக் கட்டிலில் கிடக்கிறார். டீ வேண்டுமானால் விசில், ஜன்னலைச் சாத்தவேண்டுமானால் விசில். தெருவே அவரை விசில் மாமா என்றுதான் சொல்கிறது.

பேச்சு என்னவென்றால், பட்டாளத்தார் போய் மிச்சமிருக்கும் கொஞ்ச வாரங்களை முடித்துவிட்டு, இந்த ஊர் முகாமுக்கே மாற்றலாகி வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வார். டிரைவரம்மா வெளியூர் போய்த் தங்கி, புது ஓட்டுநர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர் படிப்பை முடிப்பாள். ஏற்கெனவே இரண்டு தடவை அந்த வாய்ப்பு வந்து, மாமனாருக்காக ‘அடுத்த முறை’ என்று சொன்னவள் அவள். மூன்றாவது முறையும் சொன்னால் அவள் பேரை எடுத்துவிடுவார்கள். இன்றைக்குள் அவள் டிப்போவில் பதில் சொல்லியாக வேண்டும்.

கதை அவ்வளவுதான். இப்போது பூட்ஸுக்கு வருவோம்.

அது புது பூட்ஸ். உள்ளே ஈர சாக்ஸ். நனைத்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு புது பூட்ஸில் வீட்டுக்குள்ளேயே நடந்தால் தோல் இளகிக் காலுக்கு ஏற்றபடி வளைந்துகொடுக்கும். பட்டாளத்து வீடுகளில் இதற்குக் ‘காலுக்குப் பழக்குறது’ என்று பேர். கொஞ்ச வாரத்துக்குப் போகிறவன் பழைய பூட்ஸோடு ஒப்பேற்றிவிட்டு வருவான். லீவில் உட்கார்ந்து புதுசைப் பழக்குகிறவன் புதுசாக ஒரு தவணை வேலைக்குப் போகிறவன். போன தவணைக்கு முன்னால் அந்த சாக்ஸை நனைத்துப் பிழிந்து கொடுத்ததே டிரைவரம்மாதான். அவளிடம் போய் இதை மறைக்கலாம் என்று நினைத்தாரே, அந்தத் தைரியத்தைச் சொல்லுங்கள்.

அவள் கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

“என்ன அது கால்ல?”

“பழசு அடி தேஞ்சு போச்சு.”

“கொஞ்ச வாரத்துக்கு அது ஓடாதா?”

“ஓடும். ஒரு முன்ஜாக்கிரதைதான்.”

“ஏங்க, என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?”

பட்டாளத்தார் சமையலறைக்குள் போனார். வந்த நாள்முதல் அங்கேதான் அவருடைய வீரமெல்லாம். டப்பாக்களை உயரவாரியாக அணிவகுத்து நிறுத்துவார். அவள் வேலைக்குப் போகுமுன் எல்லாவற்றையும் கலைத்துப் பழைய இடத்தில் வைப்பாள். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. லீவு முழுக்க இப்படியே ஓடியது.

“எத்தனை நாளைக்கு?” என்றாள் அவள்.

“என்ன எத்தனை நாளைக்கு?”

“போறது.”

“அது இன்னும் சரியா முடிவாகலை.”

அந்த நேரம் பார்த்துத்தான் வாசல் கதவு திறந்தது. மருந்துக்கடை அக்கா, அதாவது பட்டாளத்தாரின் அக்கா, டிரைவரம்மாவின் நாத்தனார், அப்பாவுக்கு மாத்திரைப் பையோடு உள்ளே வந்தாள். தம்பி முகத்தையும் பார்த்தாள், தம்பி பொண்டாட்டி முகத்தையும் பார்த்தாள். எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அவசரக்குடுக்கை.

“மூஞ்சியை ஏன் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கறே?” என்றாள். “ஒரு வருஷம்தானே. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்.”

சமையலறையில் ஒரு டப்பா கீழே விழுந்து உருண்டது.

டிரைவரம்மா அதைக் குனிந்து எடுக்கவில்லை. “ஒரு வருஷமா?” என்றாள் புருஷனைப் பார்த்து.

“மேலிடத்து ஆர்டர். நான் என்ன பண்ண முடியும்?”

“ஆர்டர் வந்தது உங்க அக்காவுக்குத் தெரியுது. எனக்குத் தெரியலை.”

“சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

“எப்ப? ஏரோப்ளேன்ல ஏறினப்புறமா?”

பட்டாளத்தார் தண்ணீர் குடித்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். பிறகு, இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு மனப்பாடமாகியிருக்கும் அந்த வசனத்தைச் சொன்னார். “ஒரு சுத்து நடந்துட்டு வரேன்.”

வீட்டில் சண்டை என்று வந்தால் இந்த மனிதர் ஒரு சுற்று நடந்துவிட்டு வரக் கிளம்பிவிடுவார். எதிரியின் துப்பாக்கிக்கு முன்னால் நிற்பாராம், பொண்டாட்டியின் கேள்விக்கு முன்னால் நிற்க மாட்டார். டக், டக் என்று வாசற்படி இறங்கிப் போனது புது பூட்ஸ்.

பெண்கள் இரண்டு பேரும் தனியாக நின்றார்கள்.

“அக்கா, நான் இந்தத் தடவை படிக்கப் போகணும். மாமாவை நீங்க உங்க வீட்ல வச்சுக்கங்க.”

“எங்க வீடு மாடியில இருக்கு. லிஃப்ட் கிடையாது. உனக்கே தெரியும்.”

“போன மாசம் புது ஃபிரிட்ஜ் மாடி ஏறிச்சே.”

“ஃபிரிட்ஜும் எங்கப்பாவும் ஒண்ணா உனக்கு?”

“இல்லைக்கா. ஃபிரிட்ஜுக்கு உங்க வீட்ல இடம் இருக்கு.”

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. அவளையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. காலையிலிருந்து இரவுவரை கடையில் நின்றே கால் வீங்கிப்போனவள். ஆனால் உண்மையை ஒத்துக்கொண்டால் கால்வீக்கம் இன்னும் அதிகமாகும் என்பதுபோல் நடந்துகொள்வாள். “பஸ் ஓட்டத்தான் தெரியுமே, இன்னும் என்ன படிப்பு?” என்றாள். “தம்பி பொண்டாட்டின்னு பொறுத்துப் போறேன். வாயை அடக்கு.”

“நானும் புருஷனோட அக்கான்னுதான் வாசக்கதவைத் திறந்து வச்சிருக்கேன்.”

பின்னறையிலிருந்து நீளமாக ஒரு விசில். அப்புறம் விசில் மாமாவின் குரல். “என்னைப் பந்துன்னு நினைச்சீங்களா ரெண்டு பேரும்? ஆளுக்கு ஒரு உதை உதைக்கறீங்க. இடுப்புதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு.”

அக்கா மாத்திரைப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, அப்பாவை எட்டிக்கூடப் பார்க்காமல் போனாள்.

*

டிரைவரம்மா இன்று லீவு எழுதிக் கொடுத்திருந்தாள், புருஷனை வழியனுப்புவதற்காக. காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு டிப்போவில் போய் நின்றதும் கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார்.

“நீங்க இன்னைக்கு வரமாட்டேன்னு சொன்னீங்களேம்மா?”

“வந்துட்டேன் சார். முகாம் வண்டி எனக்கு வேணும்.”

“அது வேற ஆளுக்குப் போட்டாச்சே.”

“மாத்திப் போடுங்க.”

அவள் கேட்ட விதத்தில் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. “படிப்பு விஷயம் என்ன ஆச்சு? இன்னைக்குள்ள சொல்லணும்,” என்றார். “சாயங்காலம் சொல்றேன் சார்,” என்று சாவியை வாங்கிக்கொண்டு போனாள்.

முகாம் வண்டியை அவள் ஏன் கேட்டாள் தெரியுமா? அவர்கள் தெருவிலிருந்து முகாமுக்குப் போக அந்த ஒரு பேருந்துதான். பட்டாளத்தார் எப்போதும் அதில்தான் போவார். ஓடுகிற பேருந்திலிருந்து யாரும் ஒரு சுற்று நடந்துவிட்டு வரமுடியாது. வீட்டில் பிடிபடாத மனிதரை வண்டியில் வைத்துப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டாள் எங்கள் டிரைவரம்மா. கெட்டிக்காரிதான்.

சாயங்காலம் அவர்கள் தெரு நிறுத்தத்தில் மூட்டை முடிச்சோடு அவர் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்தது. முதல் படியில் கால் வைத்தவர் யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்ததும் அப்படியே நின்றார்.

“ஏறுங்க. பின்னால ஆளுங்க நிக்கறாங்க.”

ஏறினார். பின்னால் போய் உட்காரத்தான் பார்த்தார். அந்தப் பெரிய மூட்டை நடைபாதையில் நுழையவில்லை. வேறு வழியில்லாமல் அவளுக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார்.

டிரைவரம்மாவுக்கு ஒரு பழக்கம். சக்கரம் உருளும்போது யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஆகவே அன்றைய சண்டை ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் தவணை முறையில் நடந்தது.

முதல் சிவப்பு.

“அந்த ஆர்டர் எப்ப வந்துச்சு?”

“அதெல்லாம் ஆபீஸ் விஷயம். இங்க வச்சுப் பேசணுமா?”

பச்சை விழுந்துவிட்டது. வண்டி கிளம்பியது. பக்கத்து இருக்கையில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அடுத்த விளக்காவது நின்று எரியாதா என்று எட்டிப் பார்த்தாள்.

அடுத்த நிறுத்தத்தில் இன்னொரு பட்டாளத்து மூட்டை ஏறியது. மூட்டையைத் தூக்கி வந்தவன் லொடலொட. அப்பா அம்மா வைத்த பேர் எதுவோ, பட்டாளத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஒரே பிரிவு, ஒரே கூடாரம். லீவும் ஒன்றாகத்தான் முடிகிறது.

“அட, அண்ணி வண்டியா? நல்ல கொடுப்பினை அண்ணனுக்கு. பொண்டாட்டியே டூட்டியில கொண்டுவந்து விடறாங்க.” கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். “அண்ணி, நீங்க பெரிய மனசுக்காரங்க. என் வீட்டுக்காரி என்னை இன்னொரு வருஷத்துக்கு அனுப்புவாளா? காலை உடைச்சு உட்கார வச்சிருப்பா.”

“டேய், சும்மா வா,” என்றார் பட்டாளத்தார்.

இரண்டாவது சிவப்பு. வண்டி நின்றது.

“ஆர்டர்னா உங்க வீட்டுக்காரி என்ன பண்ணுவாங்க தம்பி?” என்றாள் டிரைவரம்மா, கண்ணாடியில் அவனைப் பார்த்தபடி.

“ஆர்டரா? ஆர்டரெல்லாம் இல்லை அண்ணி. ‘இன்னொரு தவணை யாருக்கு வேணும், கை தூக்குங்க’ன்னு கேட்டாங்க. நாங்கல்லாம் பூட்ஸைப் பார்த்துக்கிட்டு நின்னோம். முதல்ல கை தூக்கினதே நம்ம அண்ணன்தான். கேட்டு முடிக்கறதுக்குள்ள தூக்கிட்டாரு.”

காய்கறிக் கூடை அம்மாள் “அடப்பாவி” என்றாள். யாரைச் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை.

லொடலொடவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் திறந்தது திறந்தபடி நின்றான். ஆனால் அவனால் பேசாமலும் இருக்க முடியாது, பிறவிக் குணம். “இன்னும் ஒண்ணும் ஆகிடலை அண்ணி,” என்று குரலைத் தாழ்த்தினான். “முகாம் கேட்டுக்குள்ள போய்க் கையெழுத்துப் போட்டாத்தான் பேரு நிக்கும். அதுக்கு முன்னால வேண்டாம்னு சொல்லிட்டா யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க.”

பச்சை. வண்டி நகர்ந்தது. டிரைவரம்மா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். தெருவில் அவள் பார்த்ததெல்லாம் வண்டிகள் மட்டும்தான், வேறெதையும் பார்க்க அவள் தன்னை விடவில்லை. வயிற்றெரிச்சலோடு வண்டி ஓட்டக்கூடாது என்பது அவள் இன்னும் யாருக்கும் கற்றுக்கொடுக்காத பாடம். அதைக் கற்றுக்கொடுக்கத்தான் அவள் போக ஆசைப்பட்டாள்.

மூன்றாவது சிவப்பு. பெரிய சந்திப்பு, விளக்கு மாற நேரமாகும்.

“ஏன்?” என்றாள்.

அவர் மெதுவாகத்தான் பேசினார். “அங்க காலையில எழுந்தா நான் என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். இங்க உப்பு எந்த டப்பாவுல இருக்குன்னுகூடத் தெரியலை. நான் வந்தா நீ எல்லாத்தையும் நகர்த்தி இடம் பண்ணறே. நான் போனப்புறம்தான் மூச்சு விடறே. நான் விருந்தாளி அந்த வீட்ல.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் போனதும் டப்பாக்களைப் பழைய இடத்தில் வைக்கும்போது அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் முழு உண்மை அது இல்லை. மீதியை அவள் சொன்னாள்.

“இங்கயும் காலையில எழுந்தா என்ன பண்ணணும்னு உங்களுக்குத் தெரியும். உங்கப்பாவைத் தூக்கி உட்கார வச்சுத் துடைச்சு விடணும். லீவு முழுக்க ஒரு நாளாவது பண்ணீங்களா? அந்த அறை வாசல்ல நின்னு ‘எப்படிப்பா இருக்கீங்க’ன்னு கேட்டுட்டுத் திரும்பிடுவீங்க. அதுக்குப் பயந்துதான் கடல் தாண்டி ஓடறீங்க. டப்பா மேல பழியைப் போடாதீங்க.”

பட்டாளத்தார் தலை குனிந்துகொண்டார்.

“கேட்டுல வேண்டாம்னு சொல்லுவீங்களா?”

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அவள் இன்னும் கொஞ்சம் நின்றாள். அவள் வாழ்க்கையிலேயே பச்சைக்கு நின்றது அன்றுதான். பதில் வரவில்லை. வண்டியை எடுத்தாள்.

முகாம் நிறுத்தம் வந்தது. லொடலொட முதலில் குதித்து இறங்கித் தூரமாகப் போய் நின்றுகொண்டான். பட்டாளத்தார் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார்.

“போயிட்டு வரேன்,” என்றார்.

எந்தச் சண்டையிலும், எத்தனை கோபத்திலும், நம் வீடுகளில் இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. டிரைவரம்மா அதில் பாதியைத்தான் சொன்னாள்.

“போங்க.”

அவர் இன்னொரு வார்த்தைக்காகக் காத்து நின்றார். அது வரவில்லை. இறங்கினார். கதவு மூடிக்கொண்டது.

*

கடைசி நிறுத்தம் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆட்கள் இறங்கினார்கள். காய்கறிக் கூடை அம்மாள் இறங்கும்போது அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அந்த நேரத்தில் அதுகூட டிரைவரம்மாவுக்கு எரிச்சலாக இருந்தது.

டிப்போவுக்குப் போன் போட்டாள். “சார், என் பேரைப் போட்டுடுங்க. நான் படிக்கப் போறேன்.”

“நல்லது. போட்டா அப்புறம் எடுக்கமுடியாதும்மா. வீட்ல உங்க வீட்டுக்காரர் இருப்பாரில்ல?”

“இருக்கமாட்டார் சார். போடுங்க.”

அடுத்து வீட்டுக்கு. விசில் மாமா கட்டிலருகில் இருந்த போனை எடுக்க நேரமானது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, மகன் கை தூக்கியதையும் மறைக்கவில்லை.

“அப்ப என்னை யாரு பார்ப்பா?” என்றார் அவர்.

“உங்க பொண்ணு. நாளைக்கே கொண்டுபோய் விடறேன்.”

“அவ வரச் சொன்னாளா?”

“இல்ல மாமா.”

“அவ வீட்டுக்கு என்னைத் தூக்கிட்டுப் போனா நான் ஒரு வாய் சாப்பிடமாட்டேன். சொல்லிட்டேன். செத்தாலும் சரி.”

“சாப்பிடாதீங்க மாமா,” என்றாள் டிரைவரம்மா. “உங்க வீட்ல எல்லாரும் அவங்கவங்க இஷ்டப்படிதானே நடக்கறீங்க.”

சொன்ன பிறகு அவளுக்கே வாய் கசந்தது. ஆனால் திருப்பி எடுக்கவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காத்திருந்த ஆட்களை ஏற்றி வண்டியைத் திருப்பினாள்.

வரும் வழியில் முகாம் கேட்டைப் பார்த்தாள். நிறுத்தத்தில் யாரும் இல்லை. கேட்டுக்குள் ஒரு வரிசை தெரிந்தது. எல்லாரும் ஒரே நிறம், ஒரே மூட்டை, எவர் அவர் என்று தெரியவில்லை.

கேட்டைத் தாண்டியதும் பாலம். நீளமான பாலம், ஒற்றை வரிசை. நடுவில் எங்கேயும் வண்டியை நிறுத்தமுடியாது. பாலத்தில் ஏறியதும் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் அழைத்தால் மட்டும் வரும் மணி அது.

அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது அவள் போனைத் தொடமாட்டாள். அது அவருக்குத் தெரியும். முகாம் நிறுத்தத்துக்கு அப்புறம் எவ்வளவு நேரத்தில் இந்த வண்டி பாலத்தில் இருக்கும் என்பதும் அவருக்கு அத்துப்படி. எத்தனை வருஷமாக இதே வண்டியில் போய் வருகிறவர்.

பாலம் முடிந்து முதல் நிறுத்தத்தில் அவள் பிரேக்கை இழுத்துவிட்டுப் போனை எடுத்தாள். திருப்பி அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கையெழுத்துப் போட்டு உள்ளே போகிறவர்களிடம் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு என்ன வழக்கம் என்று அவளுக்குத் தெரியாது. அப்படி ஒருவர் திரும்பி அவள் கேள்விப்பட்டதில்லை.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று சொல்ல அழைத்தாரா? இல்லை, ‘நான் கூப்பிட்டேன், நீதான் எடுக்கலை’ என்று பின்னால் ஒரு நாள் சொல்வதற்காக, அவளால் எடுக்க முடியாத இடமாகப் பார்த்து அழைத்தாரா?

“வண்டி போகுமா, போகாதா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

“போகும்,” என்றாள் அவள். அவர் எதற்கு அழைத்திருந்தாலும் இனி ஒன்றுதான். அவள் பேரைப் போட்டாகிவிட்டது.